வெங்காய மூட்டைக்குள் கைத்துப்பாக்கி

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

போடிநாயக்கனூர் அழகர்சாமிக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவர் குருநாதன், பைப்புக் கடைக்காரர். இளையவர் சௌந்தரபாண்டி, மலையில் ஏலத்தோட்டம் உள்ளவர். இளையவர் வரும்வரை அந்த வீட்டில் முதல் இலை குருநாதனுக்குத்தான் விழும். வந்த பிறகு, இளையவரை முதலில் உட்காரவைத்துவிட்டு குருநாதனிடம், "மாப்ளே, நீங்களும் உக்காருங்க" என்றார் மாமனார். அந்த 'நீங்களும்' குருநாதனின் தொண்டையில் முள்ளாய் நின்றது.

மலைப்பாதையில் ஒருமுறை திருடர்கள் ஏலக்காய் வண்டியை மறித்ததால், சௌந்தரபாண்டி முறையாக உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருந்தார். அதை இடுப்பில் செருகி அவர் எங்கே போனாலும் கூட்டம் சுற்றிக்கொள்ளும். மச்சினன் நிச்சயதார்த்தத்திலும் அப்படித்தான். மண்டபத்துக்காக மூன்று நாள் அலைந்த குருநாதனை யாரும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

பந்தியில் உட்கார இடுப்பில் இடித்ததால், சௌந்தரபாண்டி குண்டு நிரப்பிய துப்பாக்கியை அப்படியே துண்டில் சுற்றி, நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். குருநாதன் பார்த்தார். தேடித் தேடி அவனுக்கு எல்லார் முன்னாலும் வியர்க்கட்டும் என்று நினைத்தார். துண்டோடு எடுத்துப்போய் சமையற்கட்டில் இருந்த வெங்காய மூட்டைக்குள் திணித்தார்.

சற்று நேரத்தில் சமையல்காரர் இருளப்பன் வெங்காயம் எடுக்க மூட்டைக்குள் கைவிட்டார். ஏதோ துணி தடுக்க, பிடித்து இழுத்தார். விசையில் விரல் பட்டு வெடித்தது. குண்டு அவருடைய இடது பாதத்தைத் துளைத்தது.

முதலில் ஓடிவந்தவர் சௌந்தரபாண்டி. பின்னால் வந்த குருநாதன் அவரைத் தனியே இழுத்தார்.

"தம்பி, விளையாட்டுக்குத்தான் ஒளிச்சேன்..."

"வாயைத் திறக்காதீங்கண்ணே. குடும்பம் நாறிப் போயிரும்."

காவல் ஆய்வாளரிடம் சௌந்தரபாண்டி, "பாதுகாப்பா இருக்கட்டும்னு நானே மூட்டையில வச்சேன்" என்று எழுதிக் கொடுத்தார். வழக்குப் பதிவானது, துப்பாக்கியும் உரிமமும் பறிபோயின. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் இருளப்பனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

குருநாதன் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால், "தப்பு பண்ணினா இப்படி ஒத்துக்கணும். அவருதான்யா ஆம்பளை" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான்காம் நாள் குருநாதனின் மனைவியே சாப்பாடு போட்டபடி கேட்டாள்: "நீங்களா இருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

சோற்றில் வைத்த கையை உதறி எழுந்து, நேரே காவல் நிலையத்துக்குப் போனார்.

"மூட்டையில வச்சது நான்."

"நாலு நாள் கழிச்சு எதுக்கு வந்து சொல்றீங்க?"

"ஒத்துக்கிட்ட நல்ல பேரும் அவனுக்கே போகுதுய்யா. தாங்க முடியல."

வழக்கில் இருவர் பெயரும் ஏறியது. செய்தி கேட்ட இருளப்பன் சௌந்தரபாண்டியைப் பார்த்து, "நாலு நாளா பொய்யைத்தான் எனக்கு உரிச்சுக் கொடுத்தீங்களா?" என்றார்.

அடுத்தவர் குற்றத்தையும் குடும்பத்துக்காகச் சுமந்து பொய் சொன்னார் ஒருவர். பொறாமையால் உண்மை சொன்னார் மற்றவர். சொல்லுங்கள், சரியானதைச் செய்தவர் யார்?

விடை: குண்டு நிறைந்த துப்பாக்கியை நாற்காலியில் விட்டது சௌந்தரபாண்டியின் குற்றம். கூட்டத்துக்குள் ஆயுதத்தோடு வருகிறவர், அங்கே பொறாமைக்காரன் ஒருவனாவது இருப்பான் என்று எண்ணித்தான் வரவேண்டும். அந்தப் பங்கை அவர் ஏற்றது நியாயம். ஆனால் குருநாதனின் பங்கை மறைக்க அவருக்கு உரிமை இல்லை. தன் பாதம் எப்படித் துளைபட்டது என்று அறியும் உரிமை இருளப்பனுடையது. ஆகவே சரியானதைச் செய்தவர் குருநாதன்தான். அதற்காக அவரை நல்லவர் என்று சொல்லிவிடாதீர்கள்.