கீழே நாலு தட்டு, மேலே ஒரு தட்டு

குழியாங்குளம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். நான் சொல்வதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை என்பார்கள். நான் குறைத்துச் சொல்லிவிட்டதாக வேண்டுமானால் வருத்தப்படுவார்கள்.

அந்த விலக்கில் ஓர் எடை மேடை இருக்கிறது. லாரி மேலேறி நின்றால் எவ்வளவு பாரம் என்று கணினி காட்டும், சீட்டும் வரும். மேடைக்கு நாலு பங்காளிகள். மூத்தவர் கொம்பையா. அவர் தம்பி தளவாய். கொம்பையாவின் மகன் ஆவுடையப்பன். கடைசியில் பலவேசம், செத்துப்போன நடு அண்ணனின் மகன்.

நாலு பேருக்கும் சம பங்கு. பங்கு என்றால் லாபத்தில் மட்டுமில்லை, எல்லாவற்றிலும். நாலு பேரும் 'சரி' என்றால்தான் ஒரு காரியம் நடக்கும். நடக்கும்போது நாலு பேர் கையும் அதில் படவேண்டும். ஷட்டருக்கு நாலு பூட்டு. டீ குடிக்கப் போனால் நாலு பேரும் சேர்ந்து போவார்கள். அதனால் மேடையில் பெரும்பாலும் ஆள் இருக்காது. ஆனால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

இப்படி இருக்கும்போது மேடையின் கணினி செத்துப்போனது. மற்ற மூவருக்கும் தோட்டம் இருந்தது, கவலைப்படவில்லை. பலவேசத்துக்கு மேடையை விட்டால் வேறு வழியில்லை. கயத்தாறு லாரிக்காரர் நல்லபெருமாளின் மகள் செண்பகவல்லியை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவள் காபியை அவன் மடியில் கொட்டிவிட்டாள். அந்த வேட்டியை அவன் இன்னும் துவைக்கப் போடவில்லை. அவ்வளவு பிடித்துப்போயிற்று.

நல்லபெருமாள் நேரில் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"மேடை மூடிக் கெடக்கு. மூடுன மேடைக்காரனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்க? வெள்ளிக்கிழமை காலையில எம் வெங்காய லாரி வரும். எடை போட்டுச் சீட்டு குடுத்தீயள்னா அங்கனயே வெத்தலை பாக்கு மாத்திக்கிடுவோம். இல்லேன்னா கழுகுமலையில ஒரு பையன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

அன்றிலிருந்து பலவேசத்துக்குக் கழுகுமலை என்ற பேரைக் கேட்டாலே தலை சுற்றியது.

நாலு பேரும் தூத்துக்குடிக்குப் போய், பழைய சாமான் கடையில் ஒரு கணினியைப் பிடித்து வந்தார்கள். ஏதோ ஒரு நகைக்கடை வாசலில் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்த பெட்டி. நிலைக்கதவு மாதிரி ஆள் உயரத்துக்கு நின்றது. சுவிட்சைப் போட்டால் கழுத்து நிறைய நகையோடு ஒரு பெண் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றாள். அதற்குமேல் அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. தளவாய் மட்டும் ஒவ்வொரு தடவையும், "வந்துட்டோம் தாயி" என்று பதில் மரியாதை செய்தார்.

கோயம்புத்தூரில் இருந்த கணினிக்காரர் பிரான்சிஸ், லினக்ஸ் என்ற இயக்க மென்பொருளை எடைக் கணக்கோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பினார். போனில் சொல்லச் சொல்லச் செய்தால் போதும் என்றார். குழியாங்குளத்தாரிடம் இப்படிச் சொன்னவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பென் டிரைவைச் செருகியதும் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. பெட்டி நின்றது, எழுத்து படுத்திருந்தது.

"பொட்டியச் சாய்ச்சு வச்சா எழுத்து நிமிந்துரும்லா?" என்றான் பலவேசம்.

"வந்த அன்னைக்கே அதைப் படுக்கப் போடுததா? நாமதாம்ல அனுசரிச்சுப் போகணும்," என்றார் கொம்பையா.

பக்கத்துப் பரோட்டாக் கடையிலிருந்து நாலு கயிற்றுக் கட்டில் வந்தது. வயசு வரிசையில் நாலு பேரும் ஒருக்களித்துப் படுத்தார்கள். எழுத்து நேராகத் தெரிந்தது. எல்லாருக்கும் திருப்தி.

"சார், பழசை அழிச்சுட்டு லினக்ஸைப் போடட்டுமா, இல்ல பழசுக்குப் பக்கத்துலயே போடட்டுமான்னு கேட்கும்," என்றார் பிரான்சிஸ் போனில். "அழிச்சுடுங்க. அதுதான் நல்லது."

கொம்பையா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தம்பி, கும்பிட்ட கையோட நிக்குத பொம்பளைய எப்படி அழிக்க? பக்கத்துலயே போடும். அவ பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா." மற்ற மூவரும் வரிசையாகச் 'சரி' சொன்னார்கள்.

பிரான்சிஸ் பெருமூச்சு விட்டார். "அப்போ பக்கத்துலயே போடுங்க. இனி முடியற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

போனை வைத்தபிறகு தளவாய்க்குச் சந்தேகம் வந்தது. "எதையும்னா, கட்டிலும் அதுல வருமேண்ணே?"

நாலு பேரும் கட்டிலை விட்டு எழுந்தார்கள்.

"தரை?" என்றான் ஆவுடையப்பன்.

கொம்பையா வெகுநேரம் யோசித்தார். "தரையைத் தொடாம நிக்க முடியாது. ஒத்தக் கால்ல நின்னா பாதிதான் தொட்டதாக் கணக்கு."

நாலு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். எடை போட வந்த ஒரு டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். லினக்ஸ் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறி முடிந்தது. ஒற்றைக் காலில் நின்றதால்தான் ஏறியது என்று இன்றைக்கும் நம்புகிறார்கள்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். கணினியை மறுபடி போட்டபோது திரையில் மூன்று வரி வந்தது. வழக்கத்துக்கு மாறான பெட்டி என்பதால் பழைய ஆளைத்தான் முதலில் வைத்திருந்தது. முதல் வரி நகைக்கடை. இரண்டாவது லினக்ஸ். மூன்றாவது, பெட்டியின் மெமரி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை.

"கீபோர்டுல கீழ் அம்பை ஒரு தட்டு தட்டினா ரெண்டாவது வரி. அப்புறம் என்டர். பத்து செகண்டுக்குள்ள தட்டிடுங்க. இல்லேன்னா அதுவா முதல் வரிக்குப் போயிடும்," என்றார் பிரான்சிஸ்.

திரையில் பத்து, ஒன்பது என்று இறங்க ஆரம்பித்தது.

"எல்லாரும் இருக்கீயளா?" என்று கூட்டத்தைத் தொடங்கினார் கொம்பையா.

"நான் இருக்கேண்ணே," என்றார் தளவாய்.

"பலவேசம் எங்க?" என்றான் ஆவுடையப்பன்.

"ஒம் பின்னாலதாண்ணே படுத்துருக்கேன்."

"சரி, அப்ப விஷயம் என்னன்னா," என்றார் கொம்பையா.

"வாங்க, வாங்க," என்றாள் நகைக்கடைக்காரி.

அன்று முழுக்க அவள் அவர்களை வரவேற்றுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை தளவாய்க்குத் தும்மல் வந்தது. ஒரு தடவை மூன்று பேர் சரி சொல்லிவிட்டார்கள். நாலாவதாகப் பலவேசம் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பெரியப்பா, பொட்டியப் போடுததுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கிடுவோம்."

"அது இன்னும் கேக்கவே இல்லியேல. கேக்குததுக்கு முன்னால பதில் சொன்னா நம்மள என்ன நெனைக்கும்?"

பலவேசம் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையின் கல்யாண விஷயமாயிற்றே என்று கொம்பையா இறங்கி வந்தார். இரண்டாவது வரி என்று முன்கூட்டியே முடிவானது. பெட்டியைப் போட்டார்கள். வரி வந்ததும் கொம்பையா கீழ் அம்பை ஒரு தட்டு தட்டினார். பங்காளி ஆயிற்றே, தளவாய் ஒரு தட்டு தட்டினார். ஆவுடையப்பன் ஒன்று. பலவேசமும் ஒன்று. மூன்றாவது வரிக்குக் கீழே போக இடமில்லாமல் அங்கேயே நின்றது. கொம்பையா மூத்தவர் என்ற முறையில் என்டரைத் தட்டினார்.

மெமரி சோதனை சாயங்காலம் வரை ஓடி, ஒரு குறையும் இல்லை என்று சொன்னது. "நம்ம பொட்டிக்கு ஒரு குறையும் இல்லியாம்," என்று மூன்று பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். பலவேசம் மட்டும் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சார், யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தட்டு தட்டுங்க," என்று பிரான்சிஸ் கெஞ்சினார்.

"ஒருத்தன் தட்டுனா பொட்டி அவம் பொட்டின்னு ஆயிரும்லா," என்றார் கொம்பையா.

பிரான்சிஸ் வேறு வழியில்லாமல் இன்னொரு பென் டிரைவ் அனுப்பி, அந்தப் பத்து செகண்டு கணக்கையே எடுத்துவிட்டார். இனிமேல் யாராவது என்டர் தட்டும் வரை பெட்டி காத்திருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். குழியாங்குளத்தாரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. யோசித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெங்காய லாரி மேடையில் ஏறி நின்றபோதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நல்லபெருமாள் புது வேட்டி கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நாலு பேர் வரிசையாகக் கட்டிலில் படுத்துக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன சம்பந்தி, எல்லாருக்கும் ஒடம்புக்கு முடியலியா?"

பலவேசத்துக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் முடிந்தது, செண்பகவல்லி கழுகுமலைக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எழுந்து நின்று உண்மையைச் சொன்னான்.

"மாமா, நாலு பேரும் தட்டுனா மூணாவது வரிக்குப் போயிருது. யாராவது தட்டலேன்னா பங்குக்குக் கேடு. நாங்க என்ன செய்யட்டும்?"

நல்லபெருமாள் கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனக்கும் ஒரு கட்டில் கேட்டார். படுத்துப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்.

"மேல பாத்து ஒரு அம்பு இருக்கே. அதுல யாருக்குப் பங்கு?"

அதை யாரும் பேசி முடிக்கவே இல்லை.

"அதுல யாருக்கும் பங்கில்ல," என்றார் கொம்பையா.

"அப்பப் பங்கில்லாதவன் அதைத் தட்டலாமா?"

"பங்கில்லாதவன்தான் தட்டணும்."

கீழே நாலு தட்டு விழுந்தது. வரி மூன்றாவதில் போய் நின்றது. நல்லபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல் அம்பை ஒரே ஒரு தட்டு தட்டினார். இரண்டாவது வரி. கொம்பையா என்டர் தட்ட, லினக்ஸ் எழுந்து வந்தது. எடை விழுந்தது, சீட்டும் வந்தது. வெங்காய மூட்டை மேலேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. பலவேசம் அன்று ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பான்.

சாயங்காலம் பெட்டியை அணைத்தார்கள். மறுநாள் காலையில் லாரி வந்தபோதுதான் மேலே தட்ட ஆள் இல்லை என்பது உறைத்தது. கயத்தாறுக்குப் போய்ச் சம்பந்தியைக் கூட்டிவந்தார்கள். அடுத்த நாளும் போனார்கள். தினமும் அலைவது அவர் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் லாரிகளை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு நல்லபெருமாள் குழியாங்குளத்திலேயே தங்கிவிட்டார். வீட்டோட மாப்பிள்ளையை நாம் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். வீட்டோட மாமனார் அந்த ஊரில்தான் உண்டு.

பிரான்சிஸ் ஒரு நாள் போன் பண்ணி, "சார், லினக்ஸையே முதல் வரியா வச்சுடலாம். யாரும் எதையும் தட்ட வேண்டாம்," என்றார்.

"தம்பி, சம்பந்திக்கு ஒரு வேலை இருக்கது பொறுக்கலியா ஒமக்கு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார் கொம்பையா.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணனைப் பார்க்க நல்லபெருமாளின் தம்பி வந்தார். வந்தவர் சாப்பாடு பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். "எங்க அண்ணன் தட்டுத பட்டன நான் தட்டக் கூடாதோ?" என்று அவரும் மேலே ஒரு தட்டு தட்டினார். வரி முதலுக்குப் போனது. "வாங்க, வாங்க," என்றாள் நகைக்கடைக்காரி.

சம்பந்தி வீட்டாரை எப்படிப் போகச் சொல்வது? லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. அப்போதுதான் பலவேசத்துக்கு மூளை வேலை செய்தது.

"பெரியப்பா, நம்ம பக்கம் கீழ தட்ட கடைசியா ஒரு ஆளு வேணும். செண்பகவல்லி வந்தா?"

"அவ அவிய வீட்டுப் பொண்ணுலா. மேலதான தட்டுவா?"

"தாலி கட்டுத வரைக்கும்தான் மேல. கட்டுன பொறவு நம்ம வீட்டு ஆளு. கீழ தட்டணும்."

இதில் யாருக்கும் மறுப்பில்லை. தை வரைக்கும் லாரி காத்திருக்குமா என்று அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்தார்கள். மாலையும் கழுத்துமாக மணப்பெண்ணை நேரே மேடைக்குக் கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். நாலு தட்டு கீழே விழுந்தது, இரண்டு தட்டு மேலே. செண்பகவல்லி, "எத்தனை தடவ தட்டணும்?" என்று புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு," என்றான். தட்டினாள். லினக்ஸ் வந்தது. பலவேசம் சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதான்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். போன வாரம் வளைகாப்பு நடந்தது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, கொம்பையா மட்டும் மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே யோசனை?" என்றார் தளவாய்.

"பெறக்கப்போறது நம்ம வீட்டுப் பிள்ளை. அதுவும் கீழதான் தட்டும். திரும்பவும் மூணாவது வரிக்குப் போயிருமே."

பந்தியில் எல்லாரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். செண்பகவல்லி கவலையோடு வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"அவிய பக்கம் மேல தட்ட ஒரு ஆளு கூடணும். வேற யாரையாவது கூப்பிடுவோமா?" என்றான் ஆவுடையப்பன்.

"பச்சப் பிள்ளைக்கு எதுத்தாப்புல பெரியாளை நிறுத்துனா நல்லாவா இருக்கும்? அதுவும் பச்சப் பிள்ளையாத்தான் இருக்கணும்," என்றார் தளவாய்.

நாலு பங்காளிகளும் வரிசையாக 'சரி' சொன்னார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி நல்லபெருமாளைப் பார்த்தார்கள்.

நல்லபெருமாள் எழுந்து கையைக் கழுவினார். துண்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, மனைவி இருக்கும் கயத்தாறுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.