படி மிதிக்காமல் வந்தவள்

ஊர்ப்பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் ஒரு வருஷம் படித்து முதலாவதாக வந்த தையல்நாயகி, பட்டணத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் நேராக இரண்டாம் வருஷம் சேரப் போனாள். இருந்ததோ ஒரே ஒரு இடம். அதைக் கொடுக்க வேண்டியவர் இரண்டாம் மாடிப் பேராசிரியர் கோதண்டபாணி.

மூச்சு வாங்க மாடியேறி வந்தவளை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து நாற்காலி வாத்தியார்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்.

"எங்க முதல் வருஷப் படியை மிதிக்காம ரெண்டாம் வருஷம் வர்றியாக்கும்? கீழ போயி, ஒரு படிகூட மிதிக்காம இந்த மாடிக்கு வந்து காட்டும்மா. சீட்டு உனக்குத்தான்!"

"சரிங்க சார்" என்று இறங்கிப் போனவள், அவர் காப்பியை ஆற்றி முடிக்கும் முன் எதிரே வந்து நின்றாள்.

"எப்படி வந்தே?"

"லிஃப்ட்ல சார். வாத்தியாருங்களுக்கு மட்டும்னுதான் போட்டிருக்கு. நீங்க சொன்னதைச் சொன்னேன், லிஃப்ட்காரர் ஏத்திக்கிட்டாரு."

"லிஃப்ட்ல வந்தா அது வந்த கணக்கா?"

"தினமும் நீங்க அப்படித்தானே சார் வர்றீங்க? படி மிதிக்கலைன்னு உங்களைப் படிக்காதவர்னு யாராச்சும் சொல்வாங்களா?"

வாத்தியார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோதண்டபாணி அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து அவர் படியேறித்தான் வருகிறாராம். பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது, "வணக்கம் சார்" என்று தாண்டிப் போகிறவள் யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?