டச்சிங்

தாண்டவமூர்த்தி கடைசியாகப் பார்த்தபோது, மனைவி பிச்சம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

போட்டோ ஸ்டுடியோவைத் திறக்க நேரமாகிவிட்டதென்று அவர் எழுந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா?" என்றாள். "மாலை போடுற படத்துலயாவது என் மூஞ்சிக்கு டச்சிங் பண்ணாதீங்க."

"போடி. என்னை அனுப்பி வச்சிட்டுத்தான் நீ போவே" என்று சிரித்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் அவள் இல்லை.

பிச்சம்மாள் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பதினாறாம் நாள் கூடத்தில் மாட்டிய படத்தில் ஒரு தழும்புகூட இல்லை.

வந்தவர்கள் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரை அரித்தது.

ஆற்றங்கரை மடத்துக்குப் போனார். அங்கிருந்த சாமி அவரைவிட வயதில் இளையவர். அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, அவ வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். அதையும் நான் செய்யலே. இதுக்கு என்ன பரிகாரம்?"

"டச்சிங்னா என்னங்க ஐயா?"

"எங்க தொழில்ல சொல்ற வார்த்தை, சாமி. முகத்தை அழகாக்குறது."

சாமி ஒரு துண்டு பூசணியை நறுக்கி முடித்தார்.

"அந்தம்மா எதுக்கு அழகை வேண்டாம்னாங்க? அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

தாண்டவமூர்த்திக்குச் சுருக்கென்றது. தலை நரைக்கும்வரை அந்தத் தொழிலைத்தான் செய்திருக்கிறார்.

மறுவாரம் நெகட்டிவும் பென்சிலுமாகப் போனார்.

"பாருங்க சாமி. படத்துல கறுப்பா விழுற குழி, இதுல வெளுப்பாத் தெரியும். ஊசி மாதிரி சீவின பென்சிலால புள்ளி புள்ளியா வச்சு அதை நிரப்பணும். அப்புறம் பிரிண்ட் போட்டா முகம் வழவழன்னு வரும். இதுதான் டச்சிங்."

"அது செய்யற விதம். நான் அர்த்தம் கேட்டேன்."

"எல்லாருக்கும் செய்யறதுதானே, சாமி!"

"எல்லாரும் கேக்கறாங்களா?"

"கேக்க மாட்டாங்க. நாங்களே செஞ்சிருவோம்."

"வேண்டாம்னு சொன்னவங்களுக்கு?"

தாண்டவமூர்த்தி பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார்.

"படத்தை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் சாமி.

கொண்டுபோனார். சாமி படத்திலிருந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அதை மாட்டினார். அதற்குக் கீழே தாண்டவமூர்த்தியை உட்காரச் சொன்னார்.

மடத்துக்குப் பூக் கொடுக்கும் ராசாமணி கூடையோடு வந்தாள். ஸ்டுடியோ வாசலில் பிச்சம்மாளிடம் வருஷக்கணக்காகப் பேரம் பேசிப் பூ விற்றவள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரு சாமி? பவுடர் டப்பாவுல இருக்கிற பொம்பளையா?"

"இவரோட சம்சாரம்."

"யாரு, பிச்சம்மாக்காவா? நல்லா இருக்கு கதை! அக்கா மூஞ்சி எனக்குத் தெரியாதா?"



ராசாமணி தாண்டவமூர்த்தியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஏண்ணே, அதுக்குள்ள ரெண்டாவது கட்டிக்கிட்டீங்களா?"

அவர் தலை கவிழ்ந்தார்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பூவை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். காசுகூட வாங்கவில்லை.

சாமி வந்து எதிரே குந்தினார்.

"இப்ப சொல்லுங்கய்யா. டச்சிங்னா என்ன?"

தாண்டவமூர்த்தி நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"அவளோட சேர்ந்து தெருவுல நடக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு, சாமி."

சாமி படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

தாண்டவமூர்த்தி ஸ்டுடியோவுக்குப் போய், பஞ்சை டர்பன்டைனில் நனைத்து நெகட்டிவைத் துடைத்தார். பென்சில் கறுப்பு முழுக்கப் பஞ்சுக்கு வந்துவிட்டது. புதிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டினார். பிச்சம்மாள் பிச்சம்மாளாகவே இருந்தாள்.

பிறகு, இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றைத் தேடினார்.

அந்த ஸ்டுடியோவில் ஊரே ஜோடி ஜோடியாக நிற்கும் நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவரும் பிச்சம்மாளும் சேர்ந்து நிற்பது ஒன்றும் இல்லை.