இருவாச்சியின் தலைக்கவசம்

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையன் என்னும் இருவாச்சி தன் மனைவி கரியாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு காலைப்பொழுதில். அவள் மரப்பொந்தில் அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவன் காவலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது இராசாளிகளுக்கும் மற்றப் பறவைகளுக்கும் போர். மரங்கொத்தி மென்மரத்தைக் குடைந்து படைவீரர் எல்லாருக்கும் தலைக்கவசம் செய்து கொடுத்திருந்தது. அதை நெற்றியிலிருந்து பிடரிவரை இழுத்து, நார் வாரால் தாடையடியில் இறுகக் கட்ட வேண்டும். காது வெளியே தெரிந்தால் போதும், தளபதி கரிச்சான் எல்லார் முன்னாலும் கேட்பார்: "என்னப்பா, கல்யாணத்துக்கா கிளம்பிட்டே?"

கரியாள் மலையனைப் பார்த்துச் சிரித்தாள்.

"சட்டியைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கீங்க."

"சிரி, சிரி. ஒழுங்காக் கட்டுறான்னு கரிச்சான்கிட்ட பேர் வாங்கினது நான் ஒருத்தன்தான்."

"கொஞ்சம் தளர்த்திக்கங்க. நான் கூப்பிட்டாக் கேக்கணுமில்ல?"

"எதிர்ப்பாறையிலதானே நிக்கப்போறேன்? கேக்காம எங்க போகும்?"

சொல்லிவிட்டு வாரை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

இராசாளிகள் பள்ளத்தாக்கின் வழியாக வரும், அந்தப் பக்கமே பார்த்து நில் என்பது உத்தரவு. அவன் கண்ணை எடுக்காமல் நின்றான். கவசத்துக்குள் அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. அந்த அமைதி அவனுக்குப் பிடித்துக்கூட இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் காவல் மாறியது. ஓர் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு திரும்பினான். பொந்தின் வாயில் கறுப்பு இறகுகள் கிடந்தன. முட்டை உடைந்திருந்தது. பக்கத்துக் கிளையில் மலையணில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, உச்சிவேளையில இராசாளி பின்பக்கமா வந்துச்சு. அண்ணி மூணு தரம் கூப்பிட்டாங்க. காதுல விழலையா?"

"விழுந்திருந்தா அங்கேயே நிப்பேனா?"

"நானும் கத்தினேன். நீங்க திரும்பவே இல்ல. ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டைன்னு நினைச்சுட்டேன்."

மலையன் பழத்தைப் பொந்துக்குள் வைத்துவிட்டு, விடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தான்.

காலை அணிவகுப்பில் அவனுடைய கவசம் தலையில் இல்லை. காதுக்கு மேலிருந்து அதை முன்னால் தள்ளி, அலகின்மேல் நிறுத்தியிருந்தான்.

"என்ன கோலம் இது? மண்டையில நகம் பட்டாச் செத்துப்போவே," என்றார் கரிச்சான்.

"சாகறேங்க. காதை மட்டும் மூட மாட்டேன்."

கரிச்சானுக்கு அன்று கேலி வரவில்லை. பொந்தில் மனைவியை விட்டுவிட்டு வந்திருந்த மற்ற இருவாச்சிகளும் ஒவ்வொருவராகக் கவசத்தை முன்னுக்குத் தள்ளிக்கொண்டார்கள்.

போர் முடிந்தது. மற்றப் பறவைகள் கவசங்களைக் கழற்றி ஓடையில் எறிந்தன. இருவாச்சிகளுக்கு அது அலகோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தது. மலையன் அதைக் கழற்ற முயன்றதே இல்லை. வேறு துணையும் தேடவில்லை. அத்தி பழுக்கும்போதெல்லாம் அந்த மரத்துக்கு வருவான். தலையைச் சாய்த்து, கூர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பொந்துக்குள் காற்று போய்வரும். வேறு சத்தம் இருக்காது.

அன்று முதல்தான் இருவாச்சிகள் தலைக்கவசத்தை அலகின்மேல் சுமந்து திரிகின்றன. பார்க்கக் கனமாகத் தெரியும். உள்ளே ஒன்றும் இல்லை.