பாவாடைக்குள் ஒரு மெத்தை

சுனைக்கரை எலி செம்பாயி துணியைக் கடித்தால் போதும், குரங்கு அங்காயிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலைக்கோயிலுக்கு வருகிறவர்கள் அந்தச் சுனையில் தலைமுழுகிவிட்டு, உடுத்தியிருந்த துணியைக் கரையிலேயே விட்டுப் போவார்கள். அது அவர்கள் வழக்கம். அங்காயி அத்தனையையும் காயவைத்து, மடித்து, குகைக்குள் அடுக்கி வைத்திருந்தது. எதற்கு என்று கேட்டால் அதற்கே தெரியாது!

"அடி நாசகாரி! நல்ல துணியைக் குதறிட்டியே, உன் பல்லுல இடி விழ!"

"என்னக்கா பண்றது? கடிக்காம விட்டா பல்லு வளந்துக்கிட்டே போகுதே!" என்று சொல்லிவிட்டு எலி குகை மூலையில் இருந்த தன் வளைக்குள் ஓடிவிடும்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் ஒரு நாய் குகை வாசலில் வந்து நின்றது. வீட்டில் வளர்ந்த நாய். பெயர் ராணி. சினையாக இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் காரில் கொண்டுவந்து காட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களும் மனுசர்கள்தான்!

"அக்கா, இன்னிக்கே குட்டி போட்டுடுவேன் போலிருக்கு. இந்த ஈரத்தரையில போட்டா ஒண்ணுகூடத் தங்காது. ஒரு வழி பண்ணு!" என்று அழுதது.

அங்காயிக்கு மனசு இளகிவிட்டது. இருந்ததிலேயே உசத்தியான பட்டுச்சேலையை விரித்தது. ராணி படுத்ததும் சேலை வழுக்கி ஒரு பக்கம் போனது, ராணி ஒரு பக்கம் போனது. நாலு சேலையை அடுக்கிப் போட்டது. அப்போதும் பாறையின் குளிர் சுரீரென்று ஏறியது. ராணியின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

செம்பாயி இதையெல்லாம் வளைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாய் என்றாலே அதற்குக் குலை நடுங்கும். ஆனாலும் வெளியே வந்துவிட்டது.

"அக்கா, மடிச்ச துணியில சூடு நிக்காது. கிழிச்சுத் திணிச்சாத்தான் நிக்கும்!"

"உனக்குக் கிழிக்க ஒரு சாக்கு கிடைச்சுது, இல்ல?" என்று அங்காயி சீறியது.

"என் குஞ்சுங்க படுத்திருக்கிற இடத்துல கை வச்சுப் பாரேன்!"

அங்காயி வளைக்குள் கையை விட்டது. கணகணவென்று இருந்தது. துணிக்குவியலை எலியின் முன்னால் தள்ளியது.

செம்பாயி பட்டைத் தொடவே இல்லை. நைந்துபோன பருத்தி வேட்டி, பழைய சட்டை, ரவிக்கை, துண்டு என்று பார்த்துப் பார்த்து எடுத்தது. விரற்கடை அகலத்துக்கு நறநறவென்று கிழித்தது. பொத்தானையும் கொக்கியையும் தனியே துப்பியது. "குட்டி முழுங்கிடும்!" என்றது. கிழித்துக் கிழித்து ஈறில் ரத்தம் கசிந்தது. நிறுத்தவே இல்லை.

"இப்ப அந்த உள்பாவாடையை எடு. நாடாவை இறுக்கி ஒரு முனையை மூடு. உன் விரலுக்குத்தான் முடிச்சுப் போட வரும்!"

அங்காயி நாடாவை இழுத்துக் கட்டியது. கிழித்த துணியை எல்லாம் உள்ளே திணித்து, அடுத்த முனையையும் முடிந்தது.

"நடுவுல மிதிச்சுப் பள்ளம் பண்ணு. ஓரம் உசந்திருந்தாத்தான் குட்டி உருளாது!"

அடேயப்பா! மெத்தை என்றால் அதுதான் மெத்தை! ராணி ஏறிப் படுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அங்காயி வாயைப் பிளந்தபடி, "என் தங்கமே, இத்தனை நாளும் உன் அருமை தெரியலையேடி!" என்று எலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது.

விளக்கேற்றும் நேரத்துக்குள் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்தும் முண்டி முண்டிப் பால் குடித்தன.

ராணி மெல்லக் கேட்டது: "நான் எத்தனை எலியைத் துரத்தியிருக்கேன் தெரியுமா? என்னைப் பாத்து உனக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான்! நாலு காலும் உதறுச்சு. ஆனா நானும் அஞ்சாறு பெத்தவதானே? குளிருக்கு உன் குட்டி, என் குஞ்சுன்னு தெரியுமா?" என்றது செம்பாயி.

கெட்ட பழக்கம் என்று ஊரே ஏசுகிற ஒன்றுகூட, அடுத்தவர் துன்பம் தீர்க்க முன்வரும்போது அருமையான திறமையாகிவிடுகிறது.