முற்றத்தில் ஒரு திண்மம்

பொதிகை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். நடத்தியவர் தாயம்மை. பள்ளிக்கூடத்தில் சிறுவர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், துறவுக்கு வந்துவிட்டார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. சனிக்கிழமை மாலைகளில் மடத்து முற்றத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும்.

சீடர் இசக்கியப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். லாரி ஓட்டியவர். காய்ச்சலில் மகளைப் பறிகொடுத்த பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி ஒவ்வொரு மடமாக ஏறி இறங்கினார். எங்கேயும் நிலைக்கவில்லை. இங்கும் தியானத்தில் கண்ணை மூடினால் கால் தன்னால் ஆடும். பாதியில் எழுந்து முற்றத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"புறப்படுதேன் அம்மா."

"எங்க?"

"தெரியல. கல்லு மாதிரி அசையாம இருக்கணும்னுதான் வந்தேன். இங்கயும் முடியல. வழி தெரிஞ்சவுக எங்கயாவது இருப்பாக."

"வீட்டுல யாரு இருக்கா?"

"பேச்சியம்மா. எம் பொஞ்சாதி."

"தனியாவா?"

இசக்கியப்பன் பை வாரை இழுத்து இழுத்து விட்டார்.

"அவ அழுதா கட்டிலே குலுங்கும். எனக்கும் உடம்பு உதறும். ரெண்டு பேரும் உதறிக்கிட்டுக் கிடந்து என்ன ஆகப் போவுது? அதான் தள்ளி வந்துட்டேன்."

முற்றத்தில் பிள்ளைகள் பாடத்துக்குக் கூடியிருந்தார்கள். தாயம்மை கோலப்பொடி டப்பாவை எடுத்தார்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. இன்னைக்கு ஒரு பிள்ளை வரல. ஆள் குறையுது. கொஞ்சம் வந்து நில்லுங்க அண்ணாச்சி."

இசக்கியப்பனுக்கு மறுக்கத் தோன்றவில்லை. பையை வைத்துவிட்டுப் போனார்.

"நீங்க எல்லாரும் துகள்," என்றார் தாயம்மை. "இப்ப ரொம்பச் சூடு. வாயு. யாரையும் தொடாதீங்க. இடம் இருக்கிற மட்டும் ஓடுங்க."

பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். இசக்கியப்பன் மதில்வரை போய் முட்டித் திரும்பி, அடுத்த மதிலுக்கு ஓடினார். மூச்சு வாங்கியது. நிற்கத் தோன்றவில்லை.

"தாத்தாதான் நல்ல வாயு," என்றாள் செண்பகம் என்ற சிறுமி.

தாயம்மை தரையில் குடம்போல ஒரு கோடு போட்டார். "சூடு குறையுது. திரவம். கோட்டுக்குள்ள வாங்க. ஒட்டி நிக்கணும், ஆனா நழுவிக்கிட்டே இருக்கலாம்."

எல்லோரும் குடத்துக்குள் வந்தார்கள். பிறகு வாய்க்கால்போல ஒரு கோடு. அதற்குள் போனார்கள்.

"ஆள் கூடுச்சா, குறைஞ்சுதா?"

"அதே ஆள்தான் டீச்சர். உருவம்தான் மாறிப்போச்சு."

"இன்னும் குளிருது. திண்மம். வரிசையா நின்னு, பக்கத்து ஆள் தோளைப் பிடிங்க. இடத்தை விட்டு நகரக் கூடாது."

இசக்கியப்பன் இதற்காகத்தான் காத்திருந்தார். கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்.

இடப்பக்கம் செண்பகம் நடுங்கிக்கொண்டிருந்தாள். அது அவர் தோளுக்கு வந்தது.

"ஆடாம நில்லு தாயி."

"ஆடணும் தாத்தா. நின்ன எடத்துலயே ஆடணும். டீச்சர் சொல்லிருக்காங்க."

வலப்பக்கத்துப் பையனும் ஆடினான். இரண்டு பக்கத்து நடுக்கமும் கை வழியே நெஞ்சுக்குள் இறங்கியது. கட்டில் குலுங்குவது போலிருந்தது. அவர் கைகளை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வரிசை சரிந்தது. பிடிமானம் இல்லாமல் செண்பகம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உடைஞ்சுபோச்சு டீச்சர்," என்றாள்.

"மறுபடி சேருங்க."

பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர் நின்ற இடத்தை மட்டும் யாரும் அடைக்கவில்லை. இரண்டு பக்கமும் கைகள் நீண்டிருந்தன.

ரோட்டில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. இசக்கியப்பன் பையைப் பார்த்தார், நீண்டிருந்த கைகளைப் பார்த்தார். பையை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தவர் நின்று, திரும்பி வந்து அந்த இடத்தில் நின்றார். பஸ் போய்விட்டது. நடுக்கம் மறுபடி ஏறியது. இந்த முறை அவர் தோளிலிருந்தும் அது இரண்டு பக்கமும் போனது. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"அம்மா, இந்த ஆட்டம் எப்ப நிக்கும்?"

"நிக்காது அண்ணாச்சி. மலையில கிடக்கிற பாறைக்குள்ளயும் இது உண்டு. பக்கத்துல இருக்கிறத விடாம ஆடிக்கிட்டிருக்கு. அதைத்தான் நாம கல்லுன்னு சொல்றோம்."