துகில் இல்லாத பாத்திரம்

"என்னால இன்னைக்கு ரோட்டுல முழங்கால் போட முடியாது சிஸ்டர்," என்றாள் அமலோற்பவம். "மூட்டு வலின்னு நினைச்சுக்காதீங்க."

சிஸ்டர் தெக்லா ரோஜா இதழ்களை உதிர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பின்னே?"

"நம்பிக்கை போயிடுச்சு."

சிஸ்டர் அடுத்த ரோஜாவை எடுத்தார்.

அன்று நற்கருணைப் பெருவிழா. வருஷம் முழுக்க அப்ப வடிவில் பீடத்துப் பேழைக்குள் பூட்டி வைத்திருக்கும் ஆண்டவரை, அன்று சாயங்காலம் சூரியக் கதிர்போல் செய்த கதிர்ப்பாத்திரத்தில் ஏந்தி, குடை பிடித்து, வீதிக்கே கொண்டுவருவார்கள். தோட்டத்தில் ஒரு மொட்டைக் கிள்ளினாலும் காதைத் திருகும் சிஸ்டர்மார், அன்றைக்கு மட்டும் கூடை கூடையாகப் பூப்பறித்துத் தார் ரோட்டில் கொட்டுவார்கள். ஃபாதர் வெறுங்கையால் கதிர்ப்பாத்திரத்தைத் தொடமாட்டார். தோளில் போட்ட பட்டுக்குள் கையை மறைத்துக்கொண்டுதான் தூக்குவார். ஆசீர்வதிப்பது அவர் கை இல்லையாம், ஆண்டவராம். மணிச்சத்தம் கேட்டதும் மீன்காரி கூடையை இறக்கி வைப்பாள். ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்துவார். ஊரே ரோட்டில் மண்டி போடும்.

அமலோற்பவத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. கணவன் போன பிறகு, ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு இந்த மடத்துக்கு வந்தவள். குருவாக வாய்த்த சிஸ்டர் தெக்லாவோ அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஜெபம் கேட்டவளிடம் அவர் நீட்டியது, பூசைக்கு அப்பம் சுடுகிற இரும்பை.

"முதல்ல இதைப் பழகுங்கக்கா," என்றார்.

மூன்று வருஷமாகப் பழகிக்கொண்டுதான் இருக்கிறாள்.

"இந்தச் சுத்துவட்டாரத்துக் கோயிலுக்கெல்லாம் அப்பம் சுடுறது யாரு? நான்," என்றாள் இப்போது. "மாவு சலிக்கிறேன். கரைச்சு ஊத்துறேன். வட்டமா வெட்டுறேன். வெட்டுன ஓரத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நொறுக்குத்தீனி மாதிரி தின்னுதுங்க. அதே அப்பத்தை ஃபாதர் தூக்கிக் காட்டுனதும் எல்லாரும் விழுந்து கும்பிடுறாங்க. எனக்கு அடுப்புதான் ஞாபகம் வருது."

"வரட்டும்."

"வரட்டுமா? ஊரே கண்கலங்கி நிக்கிறப்ப நான் மட்டும் மாவு விலையை நினைச்சுக்கிட்டுப் பக்தியா நடிக்கணுமா? எங்க வீட்டுக்காரர்கிட்டயே நான் நடிச்சதில்ல."

"பாவம் மனுஷன்," என்றார் சிஸ்டர்.

அமலோற்பவம் சிரிக்கவில்லை. "பையைக் கட்டியாச்சு. பவனி கிளம்புறதுக்கு முன்னாடி நான் கிளம்பிடுறேன்."

"எங்கே?"

"தம்பி வீட்டுக்கு."

தம்பி பெண்டாட்டியின் வாய் எப்படிப்பட்டது என்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும். சொன்னவளே அமலோற்பவம்தான். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆனால் பொய்யாக மண்டி போடவும் அவளுக்கு வராது.

"தாராளமா போங்கக்கா," என்றார் சிஸ்டர். "போறதுக்கு முன்னாடி சாயங்காலப் பூசைக்கு அப்பத்தை மட்டும் எடுத்து வச்சுடுங்க."

"இதுதான் பதிலா?"

"நீங்க கேள்வியே கேட்கலையே."

பீடத்துக்குப் பின்னால், பூசைச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் போனாள் அமலோற்பவம். இப்படிக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பதற்குக் குரு எதற்கு?

மேசையில் ஒரு பாத்திரம் இருந்தது. திறந்தாள். பாதிதான் அப்பம் இருந்தது.

"எதையும் முழுசா செய்யத் தெரியாது இந்த மடத்துல," என்று முணுமுணுத்துக்கொண்டே, தன் டின்னிலிருந்து புது அப்பத்தை அள்ளி அதில் கொட்டினாள். அரிசிப் பானையைக் குலுக்குவதுபோல இரண்டு குலுக்குக் குலுக்கிச் சமப்படுத்தினாள்.

பூக்கூடையோடு வாசலில் வந்து நின்றார் சிஸ்டர் தெக்லா. கூடையைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பாத்திரத்து மேல வெள்ளைத் துகில் போர்த்தியிருந்ததே?"

"ஒரே அழுக்கு. திருநாளும் அதுவுமா அப்படியே விட முடியுமா? காலிப் பாத்திரம்னு நினைச்சு மத்தியானமே துவைச்சுக் கொடியில போட்டுட்டேன்."

"ஃபாதர் நோயாளிகளுக்கு நற்கருணை கொடுத்துட்டு வந்து வச்ச பாத்திரம் அது. பேழையைத் துடைச்சு முடிக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

பூசையில் ஆண்டவரின் வார்த்தை சொல்லப்பட்ட அப்பம் உள்ளே இருந்தால், பாத்திரத்தின் மேல் வெள்ளைத் துகில் போர்த்துவது வழக்கம். துகில் இருந்தால் உள்ளே அவர். இல்லையென்றால் அப்பம். வேறு அடையாளம் கிடையாது.

அந்த ஒரே அடையாளத்தைத்தான் அமலோற்பவம் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்திருந்தாள்.

"கலந்துட்டேனா?"

"கலந்துட்டீங்க."

சிஸ்டர் ஃபாதருக்கு ஃபோன் போட்டார். மெதுவாக இரண்டு வார்த்தை பேசினார். வைத்தார்.

"வந்துகிட்டிருக்காரு. ஆக வேண்டியதை அவர் செய்வாரு. அதுவரைக்கும் நீங்க பிரிச்சு வைங்க."

"நானா? எப்படி?"

"ரெண்டும் நீங்க சுட்டதுதானே. உங்க கைக்குத் தெரியாதா?"

அமலோற்பவம் மூடியைத் திறந்தாள்.

ஒரே வெள்ளை. ஒரே வட்டம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே மெல்லிய சிலுவை. எந்த இரும்பில் வெந்தது, எந்தக் கத்தியில் வெட்டியது, எல்லாம் அவளுக்குத் தெரியும். எது அவர் என்று மட்டும் தெரியவில்லை.

உற்றுப் பார்க்கக் குனிந்தாள். அவள் மூச்சுப் பட்டு, மேலே கிடந்த ஒன்று லேசாக அசைந்தது.

சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுங்கக்கா."

கை போனது. பாத்திரத்துக்கு மேலே போய் நின்றது. அனல் பறக்கும் இரும்பிலிருந்து அப்பத்தை வெறும் விரலால் உரித்தெடுக்கிற கை. இப்போது ஒன்றையும் தொடவில்லை.

"மாவுதானே?" என்றார் சிஸ்டர்.

வெளியே யாரோ மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஜன்னல் வெயில் மேசைமேல் விழுந்து, பாத்திரத்தின் விளிம்பில் ஏறி, அத்தனை அப்பத்தின் மேலும் ஒன்றுபோலப் படிந்தது.

அமலோற்பவம் கையை இழுத்துக்கொண்டாள். முழங்காலில் தரை சில்லென்று பட்டது. எப்போது கீழே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதுல எது அவரு, அக்கா?"

"தெரியல சிஸ்டர். ஒண்ணைக்கூட மாவுன்னு சொல்ல வாய் வரலையே."

சிஸ்டர் தெக்லா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எனக்கும் தெரியலக்கா," என்று சொல்லி, அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.